சின்னவளை அனுப்பும் பேச்சு

பல்லுக்காரிக்கு அந்த ஃபோன் வந்தது சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில். மூன்றாவது நாளாக விடாமல் மழை. லேபின் ஜன்னலை அடைத்து வைத்திருந்ததால் உள்ளே மெழுகு வாடையும் பிளாஸ்டர் தூசியும் கனமாக நின்றன.

தெருவில் எல்லாரும் அவளைப் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, வாயை அப்படியே வார்த்து, எங்கே பல் இல்லையோ அங்கே ஒரு பல்லைச் செய்து வைப்பது அவள் வேலை. பதினான்கு வருஷப் பழக்கம். யார் எதிரே வந்து நின்று பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பாள். "ஏம்மா, என் பல்லையே முறைக்கிறியே, கழட்டித் தரவா?" என்று காய்கறிக்காரர்கூடக் கிண்டலடிப்பார்.

ஃபோனில் ஓரகத்தி. புருஷனுடைய அண்ணன் மனைவி. நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. பண்ணாத வைத்தியமில்லை. ஒரு கட்டத்தில் போதும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

"ஏய், வேலையா இருக்கியா? ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு வச்சிடறேன். சின்னவளுக்கு மஞ்சள் பிடிக்குமா, பச்சை பிடிக்குமா?"

"எதுக்குக்கா?"

"செவுத்துக்குத்தான். நம்ம கடைச் சரக்குதானே, எது வேணாலும் அடிச்சிக்கலாம். அவரு மஞ்சள்ங்கறாரு. மஞ்சள் அழுக்குத் தெரியும்னு நான் சொல்றேன்."

பல்லுக்காரி சிரித்தாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கினாள். "பத்து நாள் லீவுக்கு வந்துட்டுப் போறவளுக்கு எதுக்குக்கா பெயிண்ட்டெல்லாம்?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"லீவுக்கா?" என்றாள் ஓரகத்தி. குரல் இறங்கிவிட்டது. "தம்பி உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"எதை?"

"ஐயோ... நான் வச்சிடறேன்டா. நீ அவருகிட்டயே கேளு."

"அக்கா, வச்சிடாதீங்க. சொல்லுங்க."

"அடுத்த வகுப்புலேருந்து அவ எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும்னு தம்பி கேட்டாரு. நாங்க வளர்த்துக்கிறோம்னு சொன்னோம். நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காரு, எல்லாம் பேசி முடிச்சிடலாம்னு. நீயும் அவரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னுல்ல நான் நினைச்சேன்!"

பல்லுக்காரி என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் வரவில்லை. சரிக்கா, பார்க்கிறேன்க்கா என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். ஃபோனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஐம்பது வயசுக்காரர் ஒருவரின் கீழ்க் கடைவாய்ப்பல். மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மேடு ஏற்றி, பள்ளம் கீறி, ஓரத்தை வழித்து முடித்தாள். 

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "அழகா வந்திருக்கு" என்றாள்.

ஒரு மணிக்கு முதலாளி கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சோதிக்க எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டர் வார்ப்பில் வைத்துப் பார்த்தார், உட்காரவில்லை.

"என்னம்மா இது? இடது பக்கத்துப் பல்லையில்ல செஞ்சு வச்சிருக்க! இந்த ஆளுக்கு வலது பக்கம்தானே பல் இல்லை?"

அவள் பார்த்தாள். உண்மைதான். ஒரு குறை சொல்ல முடியாத பல். பக்கம்தான் மாறியிருந்தது. பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு அவள் செய்ததில்லை. முதலாளி திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லைன்னா கிளம்பும்மா" என்றார்.

*

புருஷனுக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. மழைக்காலம் வந்தால் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இறங்கி நிற்கிற குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றுவிடும். அதை இறைத்து, சேறு வழித்து, துருப்பிடித்த ஸ்பிரிங்குகளைத் துடைத்து, மறுபடி லிஃப்டை ஓடவிட வேண்டும். அன்றைக்கு மூன்று குழிகள் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வந்தான். முழங்கால்வரை சேறும், முழங்கைவரை கிரீஸும்.

கூடத்தில் பெரியவள் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். சின்னவளுக்கு ஏழு வயது. அக்காவின் தீர்ந்துபோன பேனாக்களை வரிசையாக நிற்க வைத்து, அவற்றுக்கு டீச்சராக இருந்தாள்.

இரண்டே அறை கொண்ட அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச இருந்த ஒரே இடம் குளியலறை. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழவிட்டால் பேச்சு வெளியே கேட்காது. பிள்ளைகளுக்கும் அது பழக்கம். இருவரும் ஒன்றாக உள்ளே போய்க் குழாய்ச் சத்தம் எழுந்தால் பெரியவள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அவன் கை கழுவப் போனான். அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்தாள்.

"கேட்டது யாரு?"

"என்ன?"

"அவங்க கேட்டாங்களா, நீங்க கேட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சோப்பை உருட்டிக்கொண்டே இருந்தான். கிரீஸ் நுரை கறுப்பாக வழிந்தது.

"நான்தான் கேட்டேன்."

அவள் கவிழ்த்து வைத்திருந்த காலி வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்தி சொன்னபோதுகூட, அண்ணன் கேட்டிருப்பார், இவன் வாய் செத்தவன், மறுக்கத் தெரியாமல் தலையாட்டியிருப்பான் என்றுதான் மத்தியானம் முழுக்க மனசுக்குள் வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப கேட்டீங்க?"

"பதினெட்டு நாளாச்சு. இருபத்தியோரு மாடிக் கட்டடம் ஒண்ணுல, மேல மோட்டார் ரூம்ல இருந்தேன். ஸ்கூல்லேருந்து மெசேஜ் வந்துச்சு. படிச்சேன். அப்படியே அண்ணனுக்கு ஃபோன் போட்டுட்டேன்."

"பதினெட்டு நாளும் நான் போட்ட சோத்தைத் தின்னீங்க. என் பக்கத்துலதான் படுத்தீங்க."

"சொல்ல வரும்போதெல்லாம் நீ ஏதாவது ஒரு வேலையில இருந்த."

"பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற விஷயத்தைச் சொல்ல, வேலை முடியணும்னு காத்துக்கிட்டிருந்தீங்களாக்கும்?"

"தூக்கிக் கொடுக்கலடி. பெரியப்பா வீடு. வேத்தாளா? நாலு மணி நேரத்துல போய்ப் பார்த்துட்டு வரலாம்."

"மெல்லப் பேசுங்க."

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தான். "அந்த மெசேஜை நீயும்தானே பார்த்த? மூணாவதுலேருந்து டேப்லெட் கட்டாயம். ஃபீஸ் ஏறிடுச்சு. வேனுக்குத் தனி. பெரியவளுக்குப் பதினொண்ணாவது வருது. கோச்சிங்குக்கு ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து முதல்லயே கட்டுங்கறான். எல்லாம் சேர்த்தா என்னோட பதினோரு மாசச் சம்பளம். பதினோரு மாசம்! மிச்சம் ஒரு மாசச் சம்பளத்தையும் உன் சம்பளத்தையும் வச்சுக்கிட்டு வாடகை கொடுக்கணும், சாப்பிடணும், காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போகணும். நான் குழிக்குள்ள இறங்கும்போதெல்லாம் இதையேதான் நினைக்கிறேன். முந்தாநாள் மெயின் சுவிட்சை அணைக்காம இறங்கிட்டேன். கூட வந்தவன் பார்த்தான், பொழைச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதுவும் அவளுக்குப் புதுச் செய்தி.

"வேற ஸ்கூலா இல்லை ஊர்ல?" என்றாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே. இந்த ஸ்கூல்தான் வேணும்னு நின்னது யாரு? விடியறதுக்கு முன்னாடி போய் வரிசையில நின்னு ஃபாரம் வாங்கிட்டு வந்தது யாரு?"

 வாங்கி வந்தது அவள்தான். அந்த ஃபாரத்தைத் தெருவில் நாலு பேருக்குக் காட்டவும் செய்தாள்.

 பிறகு அவள் கேட்டாள், "ஏன் சின்னவ? ஏன் பெரியவ இல்லை?"

"பெரியவ பத்தாவது..."

"பத்தாவது இல்லைன்னா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"சின்னவ சீக்கிரம் பழகிடுவான்னு தோணுச்சு" என்றான் துண்டுக்குள்ளிருந்தே.

அவள் எழுந்து குழாயை மூடினாள். வாளி எப்போதோ நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது டிவியில் யாரோ ஒருவன் உச்சக் குரலில் துணிசோப்பு விற்றுக்கொண்டிருந்தான். பெரியவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. சின்னவள் மட்டும், "அப்பா, நீங்களும் என் கிளாஸ்ல சேர்ந்துக்கறீங்களா? ஃபீஸ் கிடையாது" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பல்லுக்காரி காலையிலேயே மீன் வாங்கி வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து செதில் உரசினாள். உரசும்போதே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். 'அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பிள்ளையை என்னால அனுப்ப முடியாது. இவரு என்னைக் கேக்கல.' இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குடல் எடுக்கும்போது ஒருமுறை, மசாலா தடவும்போது ஒருமுறை, எண்ணெயில் போடும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். புருஷனிடம் காலையிலிருந்து பேசவில்லை. அவனும் பிள்ளைகளின் செருப்புக்கு வார் தைக்கிற சாக்கில் பால்கனியிலேயே இருந்தான்.

அண்ணனும் ஓரகத்தியும் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். எப்போது வந்தாலும் இரண்டு கை நிறையப் பை தூக்கி வருகிற ஓரகத்தி, அன்றைக்கு வெறுங்கையோடு வந்து நின்றாள். சின்னவள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "பெரியம்மா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

"ஒண்ணும் வாங்கலடா தங்கம்."

பெரியவளைக் கூப்பிட்டு, தங்கையை மாடிவீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அழைத்துப் போகச் சொன்னாள் பல்லுக்காரி. பெரியவள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தங்கையை இழுத்துக்கொண்டு போனாள்.

நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சோறும் வறுத்த மீனும் பரிமாறியாயிற்று. அண்ணன், "மழை எப்படி இங்க?" என்றார். "விட்டுது" என்றான் தம்பி. அதோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

ஓரகத்திதான் ஆரம்பித்தாள்.

"இங்க பாரு. நேத்து நான் ஃபோன்ல உளறினதுக்கு மன்னிச்சுக்கோ. உனக்குத் தெரியாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வழியில கடையில நிறுத்தி ஏதாவது வாங்கலாம்னு இவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். பையைத் தூக்கிட்டு வந்தா, பிள்ளைக்கு விலை கொடுக்க வந்தவ மாதிரி இருக்கும். உனக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடு. சாப்பிட்டுட்டுக் கிளம்பிடறோம். ஒரு வருத்தமும் இல்லை. இஷ்டம்னா, அவ என்னிக்கும் உன் பிள்ளைதான். உன்னை அம்மான்னுதான் கூப்பிடுவா. என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டா போதும். நீயே சொல்லு."

மூன்று பேரும் பல்லுக்காரியின் வாயைப் பார்த்தார்கள். புருஷன் மீன் முள்ளை எடுத்த விரலோடு காத்திருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"அங்க ஸ்கூல்ல ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

ஓரகத்தி கண்ணை விரித்தாள். "முப்பதுக்குள்ளதான். நான் போய் விசாரிச்சேன்."

"வீட்டுலேருந்து தூரமா?"

"நாலே தெரு. நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். வேனே வேணாம்."

"பன்னெண்டாவது வரைக்கும் இருக்கா? நடுவுல மாத்த வேண்டி வராதே?"

"இருக்கு, இருக்கு. அவ பேர்ல பணம் தனியாப் போட்டு வச்சிடலாம்னுகூட இவரு..."

"இங்கிலீஷ் நல்லா சொல்லித் தருவாங்களா?"

கேட்டுக்கொண்டே போகிற அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று பல்லுக்காரிக்கு நாலாவது கேள்வியில்தான் உறைத்தது. நிதானமான, காரியக்காரக் குரல். மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று கேட்ட அதே குரல். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. அதைவிட, உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்குகிற மாதிரி, தோள் லேசான மாதிரி இருந்தது. அது நிம்மதி என்று புரிந்த மறுகணம் அவளுக்குக் குப்பென்று வேர்த்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே தட்டில் விழுந்தது.

புருஷன் எழுந்துவிட்டான். எச்சில் கையோடு பால்கனிக்குப் போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகு குலுங்குவது கூடத்திலிருந்து தெரிந்தது.

"டேய், என்னடா?" என்றார் அண்ணன்.

அவன் திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"வேணாண்ணே."

"என்ன வேணாம்?"

"அனுப்பலண்ணே. மன்னிச்சிடுங்க. நான் கேட்டது தப்பு."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "என்னடா விளையாடறியா? நீதானே கூப்பிட்டு அழுத? நாங்களா வந்து கேட்டோம்?"

"நான்தாண்ணே கேட்டேன். இவ விடமாட்டான்னு நம்பித்தான் கேட்டேன். நான் கேப்பேன், இவ சண்டை போடுவா, குறுக்க விழுந்து மறிப்பா, அதோட போயிடும்னு... எனக்கே தெரியாம அப்படித்தான் நினைச்சிருக்கேன் போல. இவளே விசாரிக்க ஆரம்பிச்சதும்..." அவன் எச்சில் கையை லுங்கியில் துடைத்தான். "பிள்ளை நிஜமாவே போயிடும்னு இப்பத்தாண்ணே எனக்குத் தெரிஞ்சுது."

அண்ணன் இன்னும் ஏதோ சொல்ல எழுந்தார். ஓரகத்தி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் அழவில்லை. தட்டில் இருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, விரல்களை ஒவ்வொன்றாக வழித்து, சாவகாசமாகப் பேசினாள்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இனிமே யார்கிட்டயும் இப்படிக் கேட்டுடாத. பிள்ளை வேணும்ங்கற ஆசையை நாங்க ரெண்டு பேரும் முட்டி மோதி ஓயவச்சு ஏழு வருஷமாச்சு. நிம்மதியாத்தான் இருந்தோம். நீ ஃபோன் பண்ண அன்னிலேருந்து ஒரு ராத்திரிகூட நான் தூங்கல. காலையில அவளை எத்தனை மணிக்கு எழுப்பணும், தலைக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் ஊத்தணும்னு கணக்குப் போட்டுக்கிட்டுக் கிடந்தேன். உனக்கு அது ஒரு ஃபோன். சரி, விடு. பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும். அதுதான் சரி."

பல்லுக்காரி நகர்ந்து போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா..." என்றாள்.  காலையில் ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களும் இப்போது பொய்யாகிவிட்டிருந்தன. ஓரகத்தி அவள் தலையில் இடது கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தும்விட்டாள்.

அவர்கள் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். சின்னவள் மாடியிலிருந்து ஓடிவந்து, ஆடுகிற முன்பல்லைப் பெரியம்மாவுக்கு நாக்கால் தள்ளிக் காட்டினாள். "விழுந்ததும் எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஓரகத்தி படியிறங்கிப் போனாள். பாதி இறங்கியதும் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பல்லுக்காரி மேலேயிருந்து பார்த்தாள்.

*

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது புருஷன் பக்கத்தில் வந்து நின்று, துடைத்துத் துடைத்து அடுக்கினான்.

"சும்மா பேச்சை வளர்க்கத்தானே கேட்ட?" என்றான் மெதுவாக. "எடுத்ததும் முடியாதுன்னா அவங்க மனசு கஷ்டப்படும்னு."

அவன் அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் முடிந்துபோகும். பிள்ளைகள் கூடத்தில்தான் இருந்தார்கள். குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லைங்க" என்றாள். "நிஜமாத்தான் கேட்டேன். நீங்க எழுந்து போகலைன்னா, அடுத்தது எப்ப கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டிருப்பேன். வாய்க்குள்ள வந்துடுச்சு."

அவன் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"நாம ரெண்டு பேரும் என்ன ஆளுங்கடி?" என்றான்.

அவள் கழுவிய அடுத்த தட்டை அவனிடம் நீட்டினாள்.

மறுநாள் இருவரும் லீவு போட்டார்கள். பெரியவளை உட்கார வைத்து, கோச்சிங் கட்ட முடியாது என்று நேராகச் சொன்னார்கள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு, "தெரியும்" என்றாள். பிறகு, "டிவியை எவ்வளவு சத்தமா வச்சாலும் குளியலறை ஜன்னல் வழியா பால்கனியில கேக்கும்பா" என்றாள். அவர்கள் இருவருக்கும் அவளை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை என்றாள். கேட்காமலே சொன்னாள்.

வருஷம் முடிந்ததும் சின்னவளைப் பழைய பள்ளியிலிருந்து எடுத்தார்கள். டி.சி. கொடுத்த அலுவலகப் பெண், "ஊர் மாறிப் போறீங்களா?" என்று கேட்டாள். "இல்லை, கட்ட முடியல" என்றாள் பல்லுக்காரி. அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சட்டென்று குரலைத் தாழ்த்தி, "என் பிள்ளையும் இங்க இல்லைங்க" என்றாள்.

புதுப் பள்ளி, கடைத்தெரு தாண்டி இருந்த அரசுப் பள்ளி. ஃபீஸ் இல்லை. வேனும் இல்லை. நடந்தே போகலாம். முதல் நாள் பல்லுக்காரி லேபுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நடந்து போவது சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம். கடைக் கடையாகப் பேர்ப்பலகை படித்துக்கொண்டு வந்தாள். பூட்டுக் கடை, பழைய இரும்புக் கடை, சைக்கிள் கடை. ஒரு நாயைப் பார்த்து நின்றாள். ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் தானும் அதே மாதிரி அடித்துக் காட்டினாள்.

சைக்கிள் கடை தாண்டியதும், "அம்மா, கை வலிக்குது" என்றாள்.

பல்லுக்காரி குனிந்து பார்த்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்து, தோல் வெளுத்துப் போயிருந்தது. சட்டென்று விட்டாள். தேய்த்து விட்டாள். அப்புறம் விரலை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பத்தடி போவதற்குள் சின்னவள் மறுபடியும், "அம்மா, கை!" என்றாள்.